சேர்க்கும்போது சொல்லாத விஷயம்தான் தீபாவளிக்குப் பிறகு வகுப்பைக் காலி செய்கிறதா? (சேலம் தொழிற்பயிற்சி நிலையங்கள்)

கன்னங்குறிச்சி ஃபிட்டர்

வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், பிழைப்பு ஓட வேண்டும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து சேர்க்கை முடியும்வரை எங்கள் அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஃபிட்டர் யூனிட் ஒன்றுக்கு 20 பேர். தலைகீழாக நின்றாவது நிரப்பிவிடுவார்கள். தீபாவளி லீவு முடிந்து பட்டறைக் கதவைத் திறந்தால் பாதி வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி) சும்மா கிடக்கும். உடனே நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். "பசங்களை ஏன் சார் தக்க வைக்க முடியல? பாடம் போரடிக்குதா? திட்டுறீங்களா?"

போன வருடம் வெறும் ஆர்வத்தில் ஒரு வேலை செய்தேன். வருகைப் பதிவேட்டையும் யார் மூலம் சேர்ந்தார்கள் என்று ஆபீஸில் எழுதி வைத்திருக்கும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய மாணவர் சொல்லி வந்தவன், அப்பாவோடு வந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சேர்ந்தவன், இவர்கள் பெரும்பாலும் இருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துத் தருகிறவர்கள் கொண்டுவந்து விட்டவர்கள்தான் முதலில் கிளம்பியிருக்கிறார்கள். இந்த இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் நிலையத்தில் யாருக்கும் இல்லை. சேர்க்கைக்கு ஒரு ஆள், வகுப்புக்கு ஒரு ஆள். கொண்டுவந்தவருக்குப் பணம் கட்டிய அன்றே கமிஷன் போய்விடுகிறது. பையன் நவம்பரில் படிப்பை விட்டுவிட்டால் அது என் தலையில்.

உதாரணத்துக்கு ஒன்று. ஃபிட்டரில் முதல் சில வாரம் என்ன வேலை தெரியுமா? ஒரு எம்.எஸ். ஃப்ளாட்டை (இரும்புப் பட்டையை) வைஸில் கட்டி, அரம் போட்டு மட்டமாக்குவது. தேய்க்க வேண்டும், ட்ரை ஸ்கொயரை (நேர்க்கோணம் பார்க்கும் மட்டத்தை) விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும், வெளிச்சம் கசிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வரும். இதைத் தெரிந்து வந்தவன் சிரித்துக்கொண்டே செய்வான். "கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ற கோர்ஸ் தம்பி, ஏசி ரூம்" என்று கேட்டு வந்தவன் மூன்றாம் நாளே என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு நான் என்ன பாடம் நடத்துவது?

---

குகை மணி

சார், எல்லாம் சரி. ஆனால் இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை கிடையாது. கையில் போன், வீட்டில் செல்லம். நாங்கள் எல்லாம் கொப்புளத்தோடுதான் படித்தோம். சேர்க்கையைக் குறை சொல்லி என்ன பயன்?

---

ஐந்துரோடு அக்கா

மணி அண்ணா, நீங்கள் சேர்ந்த காலத்தில் உங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு முறை யாராவது போன் போட்டார்களா?

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் அட்மிஷன் டெலிகாலராக இருந்தவள். கேட்டரிங், பாராமெடிக்கல், ஃபயர் அண்டு சேஃப்டி, எல்லாம் ஒரே மாடியில் நடக்கும். காலையில் ஒரு எக்ஸெல் ஷீட் தருவார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகளின் பெயர், பள்ளிக்கூடம், அப்பா நம்பர். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூடாது. சம்பளம் குறைவு, சேர்க்கைக்கு ஏற்ற ஊக்கத்தொகைதான் பெரிய காசு. அதுவும் முதல் தவணை கட்டியதும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பிள்ளை படித்து முடித்ததா என்று ஒருநாளும் எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

பேச வேண்டியது அச்சடித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். "சீட் ரெண்டுதான் இருக்கு." "இன்னிக்கு வந்தா பீஸ்ல சலுகை." "100 சதவீதம் வேலை." பிள்ளையை வரவழைக்க வண்டியே அனுப்புவார்கள். வந்ததும் முதலில் ஏசி போட்ட கம்ப்யூட்டர் அறை, அப்புறம் சுவரில் வேலை கிடைத்தவர்களின் போட்டோ. கிச்சன் லேபுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். அங்கே முதல் பருவம் முழுக்க வெங்காயம் உரித்துப் பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிடுமே. கடைசியாக டி.சி.யும் மார்க்‌ஷீட்டும் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. "ஒரிஜினல் நம்ம கையில் இருந்தால் பிள்ளை எங்கேயும் போகாது" என்பார் மேனேஜர். பிள்ளை போகும் அண்ணா, ஒரிஜினலை விட்டுவிட்டே போகும். அப்புறம் வேறு இடத்தில் சேர முடியாமல் ஒரு வருடம் வீணாகும்.

சில கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறீர்கள்? இரண்டாம் தவணையை எப்படிக் கட்டுவீர்கள்? தினமும் எப்படி வந்து போவீர்கள்? கேட்டால் அம்மாவுக்கு யோசனை வந்துவிடும், யோசனை வந்தால் சேர்க்கை போய்விடும். பிள்ளை கடைசிவரை படிக்குமா, பாதியில் விட்டுவிடுமா என்பதைச் சொல்லக்கூடிய கேள்விகள் இவைதான். அதனால்தான் தடை.

---

நாகலூர்க்காரன்

அக்கா சொல்வது முழுக்க உண்மை. மலையில் இது இன்னும் மோசம்.

ஏற்காட்டைச் சுற்றி உள்ள ஊர்களில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். சேர்க்கை சமயத்தில் ஊருக்குள் கார் வரும். "எஸ்.டி. பசங்களுக்குப் பீஸே கிடையாது, எல்லாம் கவர்ன்மென்ட் ஸ்காலர்ஷிப்" என்பார்கள். சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால், "இல்லையா, அப்புறம் வாங்கிக் கொடுங்க" என்பார்கள். இந்த "அப்புறம்"தான் பையனை அடிக்கிறது. எஸ்.டி. சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் பேர் சொன்னதும் கிடைக்கிற காகிதம் இல்லை. கோட்டாட்சியர் கையெழுத்துப் போட வேண்டும், விசாரணை உண்டு, அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ வாங்கிய பழைய சான்று கேட்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். சான்றிதழ் இல்லாமல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை (பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்கு அரசு தருவது) வராது. உதவித்தொகை வராவிட்டால் நிலையம் பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தி "பீஸ் கட்டு" என்கிறது. இலவசம் என்று கேட்டு வந்தவன் காசுக்கு எங்கே போவான்? நேரே தோட்டத்துக்குத்தான் போவான். அதுவும் நவம்பர், டிசம்பரில் காபிப் பழம் பறிக்கிற சமயம், குடும்பத்தோடு போனால் கூலி கையில் நிற்கும்.

இதைப் பொறுமையில்லாத பையன் என்று எழுதுகிறார்கள். சேர்க்கும் அன்றே "முதலில் சான்றிதழுக்கு மனுப் போடு, நான் கூட வருகிறேன்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான்.

பஸ் விஷயமும் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து கீழே இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. எங்கள் ஊரிலிருந்து ஏற்காட்டுக்கே ஒரு பஸ், அங்கிருந்து சேலத்துக்கு ஒரு பஸ். மழை நாளில் பாறை விழுந்தால் அதுவும் இல்லை. காலை வகுப்புக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறை விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்த பிறகு பையனைச் சேர்த்தால் அவன் படிப்பில் நிலைத்து நிற்பான். முதலில் சேர்த்துவிட்டு விடுதி அப்புறம் பார்த்துக்கலாம் என்றால் நிலைக்க மாட்டான். அவ்வளவுதான் கணக்கு.

---

குகை மணி

சரி, மலைப் பையன்கள் விஷயம் எனக்குத் தெரியாது, ஏற்கிறேன். டவுன் பையன்களுக்கு பஸ்ஸும் இருக்கிறது, காசும் இருக்கிறது. அவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

---

சிவதாபுரம் பட்டறை

மணி அண்ணே, டவுன் பையனுக்குக் காசு இருக்கிறது என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பதினாறு வயசுப் பையன் பொடி வைத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டால் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கையில். அவன் நண்பன் ஐ.டி.ஐ.யில் இருந்துகொண்டு அம்மாவிடம் பஸ்ஸுக்குக் கேட்கிறான். அம்மாபேட்டையில் தறி, கொண்டலாம்பட்டியில் தறி, சங்ககிரியில் லாரிப் பட்டறை, எங்கே பார்த்தாலும் இதே இழுப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் கொடுப்பது இதற்காகத்தான். அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 வருகிறது, ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. தனியார் நிலையத்தில் சேர்க்கிறவர்கள் பல பேர் இதைச் சொல்வதே இல்லை. சொன்னால் பையன் கோரிமேட்டுக்கு, அரசு ஐ.டி.ஐ.க்குப் போய்விடுவான் என்று பயம்.

ஆனால் ஃபிட்டர் சாரிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நீங்கள் சொல்வதைக் கேட்டால் "கடைசிவரை படிக்கிறவனை மட்டும் பார்த்துச் சேர்" என்பது போல இருக்கிறது. நான் எட்டாவதுதான். ஒயர்மேன் எடுத்தேன். என்னைப் பார்த்தால் யாரும் இவன் முடிப்பான் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாவுக்குக் குடி, வீட்டில் கடன், நான் வாரத்தில் பாதி நாள் பட்டறையில். உங்கள் நோட்டில் என்னைக் கழித்துவிட்டிருப்பீர்கள். இன்றைக்கு மோட்டார் காயில் கட்டிக் குடும்பம் நடத்துகிறேன். வடிகட்ட ஆரம்பித்தால் முதலில் வெளியே நிற்பவன் ஏழைதான்.

---

அஸ்தம்பட்டி டு டல்லாஸ்

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். இங்கே கேரியர் ஸ்கூல் என்று லாபத்துக்கு நடத்தும் தொழிற்கல்வி நிறுவனங்கள் ஏராளம். நீங்கள் பேசும் அதே கதை இங்கே பெரிய அளவில் நடந்து, நாடாளுமன்றம் வரை போனது.

2010இல் அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., ஆட்களை மாணவர் வேஷத்தில் 15 லாபநோக்குக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. 15 இடத்திலும் சேர்க்கைக்காரர்கள் ஏமாற்றும்படியோ சந்தேகப்படும்படியோ பேசினார்கள். 4 இடத்தில் அரசு உதவிப்பண விண்ணப்பத்தில் பொய் எழுதவே சொல்லிக்கொடுத்தார்கள். 2012இல் செனட் குழு ஒன்று 30 நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 2008-09இல் சேர்ந்தவர்களில் 54 சதவீதம் பேர் 2010 நடுவிலேயே பட்டமோ சான்றிதழோ வாங்காமல் வெளியேறியிருந்தார்கள். அந்த நிறுவனங்கள் வருமானத்தில் 22.7 சதவீதத்தை விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் செலவழித்தன, பாடம் நடத்த 17.2 சதவீதம். ஃபிட்டர் சார் நோட்டில் பார்த்தது இதைத்தான்.

தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதை 1992லேயே சட்டம் தடை செய்தது. 2002இல் 12 விதிவிலக்குகளைக் கொண்டுவந்து ஓட்டை போட்டார்கள். 2011இல்தான் அவற்றை எடுத்தார்கள். அதற்குள் பல லட்சம் பேர் கடனோடு நின்றுவிட்டார்கள். கொரிந்தியன், ஐ.டி.டி. டெக் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் 2015இலும் 2016இலும் மூடிக்கொண்டன.

சிவதாபுரம் அண்ணன் கேட்ட கேள்விக்கு ஒரு பாதி பதில் இங்கே உண்டு. கேப்லன் என்ற லாபநோக்குக் கல்வி நிறுவனம் 2010இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. முதல் சில வாரம் பையன் வகுப்பில் உட்காரலாம், பிடிக்காவிட்டால் கல்விக் கட்டணம் கட்டாமலே போகலாம். அவர்கள் சேர்க்கை எண்ணிக்கை இறங்கியது. ஆனால் யாரையும் வாசலில் நிறுத்தி வடிகட்டவில்லை.

---

கன்னங்குறிச்சி ஃபிட்டர்

சிவதாபுரம் அண்ணா, உங்களைக் கழிக்கிற நோட்டு என்னிடம் இல்லை. எட்டாவது படித்தவனையும் வெல்டர், ஒயர்மேனில் எடுக்கத்தான் வேண்டும். இரண்டு வருட ட்ரேடு (தொழிற்பிரிவு) முடித்து மொழிப் பரீட்சையும் எழுதினால் பத்தாவதுக்குச் சமம். அந்த வாசலை அடைக்கச் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன்.

நான் சொல்வது வேறு. உங்களைச் சேர்த்த அன்று யாராவது உங்கள் வீட்டு நிலவரத்தைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் "வாரத்தில் பாதி நாள் பட்டறைக்குப் போகிறான்" என்பது முதல் நாளே எங்களுக்குத் தெரியும். பயிற்றுநர் என்கிற முறையில் அதை வைத்து எவ்வளவோ செய்யலாம். தெரியாமல் போனால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் போட்டுக்கொண்டே இருப்போம், ஒருநாள் பெயரை நீக்கிவிடுவார்கள். வடிகட்டவும் அதே கேள்விதான், கைகொடுக்கவும் அதே கேள்விதான். கேட்கிறவன் எதற்குச் சம்பளம் வாங்குகிறான் என்பதைப் பொறுத்து மாறும்.

டல்லாஸ்காரர் சொன்ன முறையை எங்கள் நிலையத்தில் கேட்டால் சிரிப்பார்கள். சரி, முழுசாக வேண்டாம். பணம் வாங்குவதற்கு முன்னால் பையனைப் பட்டறையில் அரை நாள் நிற்க வையுங்கள் என்றேன். கையில் அரத்தைக் கொடு, பக்கத்தில் வெல்டிங் ஷெட்டில் நிற்கட்டும், டிராயிங் போர்டைப் பார்க்கட்டும். பிறகு எந்த ட்ரேடு என்று அவனே சொல்லுவான். எலக்ட்ரீஷியனுக்குத் தகுந்தவனை ஃபிட்டரில் இடம் காலி என்பதற்காகப் போட்டு அனுப்புகிறார்கள். ட்ரேடு மாற்றுவது சேர்க்கை முடிவதற்குள், இடம் இருந்தால்தான் நடக்கும். அதற்கப்புறம் அவனுக்கு இரண்டே வழி, பிடிக்காததில் இரண்டு வருடம் இருப்பது அல்லது படிப்பையே விடுவது.

நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? "அரை நாள் நிறுத்தினால் பக்கத்து நிலையத்துக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான்." அவர்கள் பயமும் பொய் இல்லை. ஒருவர் மட்டும் நேர்மையாக இருந்தால் அவர் யூனிட் காலியாகத்தான் கிடக்கும், முதல் வருடமாவது.

---

ஐந்துரோடு அக்கா

கமிஷனை முழுசாக நிறுத்த முடியாவிட்டால் பிரித்தாவது கொடுக்கலாம் தம்பி. சேரும்போது கொஞ்சம், பொங்கலுக்கு அப்புறம் பிள்ளை வகுப்பில் இருந்தால் கொஞ்சம், பரீட்சை எழுதினால் மீதி. அப்படிச் செய்தால் ஆள் பிடிக்கிறவர்களே பிள்ளை வீட்டுக்குப் போய் "ஏன் வரலை" என்று கேட்பார்கள். காசு எங்கே இருக்கிறதோ அங்கே கால் போகும்.

---

குகை மணி

இது நியாயமாக இருக்கிறது. என் மச்சான் மகனைச் சேர்க்கும்போது இதையெல்லாம் கேட்கவில்லை. கேட்கச் சொல்கிறேன்.

---

ஆத்தூர் அம்மா

வணக்கம் சார், அக்கா. இந்தப் பக்கத்தை என் மகள் காட்டினாள். நான் கேட்பது வேறு, ஆனால் இங்கேதான் கேட்க முடியும் போலிருக்கிறது. மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். சேலத்தில் ஒரு இடத்தில் "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ, அரசு ஆஸ்பத்திரியில் வேலை" என்று சொல்லி 5000 அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். டி.சி.யும் கொடுத்துவிட்டோம். வகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. போகலாமா?

---

ஐந்துரோடு அக்கா

அம்மா, போக வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் சொல்கிறேன்.

பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். அதற்கு ஜி.என்.எம். (பொது நர்சிங் டிப்ளமோ) மூன்று வருடம் அல்லது பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், அதுவும் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் படித்திருக்க வேண்டும். ஒரு வருட நர்சிங் டிப்ளமோவை வைத்துக்கொண்டு அங்கே நர்ஸாகப் பதியவே முடியாது. தனியார் கிளினிக்கில் உதவியாளர் வேலை கிடைக்கலாம், அதற்கு இவ்வளவு பணம் தேவையில்லை. இந்த மாதிரி வகுப்பில்தான் பிள்ளைகள் பாதியில் நிற்பது அதிகம். சீனியர் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள், அன்றோடு முடிந்தது.

நர்சிங்கே வேண்டுமென்றால் ஜி.என்.எம். பாருங்கள். வேறு தொழில் என்றால் கோரிமேட்டில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சேர்க்கை எதுவரை என்று கேளுங்கள். வழக்கமான கலந்தாய்வு முடிந்தாலும் மீதி இடத்துக்கு நேரடிச் சேர்க்கை நடப்பது உண்டு. 6ஆம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் 1000 ரூபாயும் வரும்.

---

நாகலூர்க்காரன்

ஐ.டி.ஐ. எது என்றாலும் சேர்வதற்கு முன் ஐ.டி.ஐ.களுக்கான மத்திய அரசு இணையதளத்தில் நிலையத்தின் பெயரோடு ட்ரேடும் இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா. நிலையத்துக்கு அங்கீகாரம் இருக்கும், நீங்கள் சேரும் ட்ரேடுக்கு இருக்காது. இதில் ஏமாந்தவர்கள் எங்கள் மலையில் நிறையப் பேர்.

---

ஆத்தூர் அம்மா

ரொம்ப நன்றி. இப்போதே போன் பண்ணினேன். கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டதும் போனை எடுத்த பெண் "மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டாள். 5000 திரும்பக் கிடைக்குமா?

---

ஐந்துரோடு அக்கா

அந்தப் பெண்ணைக் கோபிக்காதீர்கள், அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

ரசீதை எடுத்துப் பாருங்கள் அம்மா. "கல்விக் கட்டணம்" என்று இருக்கிறதா, "நன்கொடை" என்று இருக்கிறதா? பல இடங்களில் அறக்கட்டளை பெயரில் நன்கொடை என்று போட்டுக் கொடுப்பார்கள், திருப்பிக் கேட்டால் அதைக் காட்டுவார்கள். எதுவாக இருந்தாலும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே சேர்க்கையை ரத்து செய்கிறேன், பணமும் ஒரிஜினல் சான்றிதழும் வேண்டும் என்று தேதி போட்டு எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அந்த நகலை இணைத்து மனுக் கொடுங்கள். முதலில் டி.சி.யைக் கேளுங்கள், பணத்தை இரண்டாவதாகப் பேசலாம். டி.சி. கையில் இருந்தால்தான் இந்த வருடமே வேறு இடத்தில் சேர முடியும்.